ஒரு சவரன் தங்கத்துக்குள் என்ன இருக்கிறது? அணுவும் அணுக்கருவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரங்களில் வீட்டில் வைத்து இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் பாதி, அவர்களை அழைத்துப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்றபடி கேட்பவை மீதி. அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதியே வைத்துவிட்டேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தங்கத்தைச் சுற்றியே இருக்கும். அணுக்கரு முதன்முதலில் பிடிபட்ட கதையில் தங்கத் தகட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. தவிர, தங்கம் என்று ஆரம்பித்தால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள்.

அணு என்றால் என்ன? ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

ஒரு தனிமத்தை வெட்டிக்கொண்டே போனால், 'இதற்கு மேல் வெட்டினால் இது அந்தத் தனிமம் இல்லை' என்று சொல்லும்படி மிஞ்சும் கடைசித் துணுக்கு. தங்க அணுவின் நடுவில் 79 புரோட்டான்களும் 118 நியூட்ரான்களும் நெருங்கிக் கிடக்கின்றன. அதுதான் அணுக்கரு. அதைச் சுற்றி 79 எலக்ட்ரான்கள். புரோட்டானுக்கு நேர்மின்சுமை, எலக்ட்ரானுக்கு அதே அளவு எதிர்மின்சுமை, நியூட்ரானுக்கு மின்சுமை இல்லை. இரு பக்கமும் 79 இருப்பதால் கணக்கு நேராகி, அணு மொத்தத்தில் மின்சுமை அற்றதாக இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: ஒற்றைத் தங்க அணு மஞ்சளாக மின்னாது. நிறம், பளபளப்பு, வளையும் தன்மை எல்லாம் கோடிக்கணக்கான அணுக்கள் கூடினால் வருபவை.

ஒரு சவரனில் எத்தனை அணுக்கள்?

916 தங்கத்தில் ஒரு சவரன், அதாவது 8 கிராம், எடுத்தால் அதில் தூய தங்கம் சுமார் 7.33 கிராம். குறிப்பிட்ட எடையில் எத்தனை அணுக்கள் என்று கணக்கிட உதவும் அவகாட்ரோ எண்ணை வைத்துப் பெருக்கினால் ஏறத்தாழ 22 கோடி கோடி கோடி தங்க அணுக்கள் வருகின்றன. 'கோடி' மூன்று முறை, அச்சுப்பிழை இல்லை. உலகில் உள்ள 800 கோடிப் பேருக்கும் சமமாகப் பங்கு போட்டால் தலைக்கு 2.8 லட்சம் கோடி அணுக்கள் கிடைக்கும். அதை வைத்து யாரும் மூக்குத்திகூடச் செய்ய முடியாது.

அணுவுக்குள் 'கரு' இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள்.

1897-இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார். எந்தப் பொருளை எடுத்தாலும் அதே எலக்ட்ரான் வந்தது. அப்படியானால் எல்லா அணுவிலும் அது இருந்தாக வேண்டும். ஆனால் அணு மின்சுமை அற்றது. எதிர்மின்சுமையைச் சரிக்கட்டும் நேர்மின்சுமை எங்கே இருக்கிறது? அணு முழுக்கப் பரவிக் கிடக்கிறது, எலக்ட்ரான்கள் அதில் தர்பூசணி விதை போலப் பதிந்திருக்கின்றன என்று தாம்சன் நினைத்தார். அன்றைக்கு அது நியாயமான ஊகம்.

1909-இல் மான்செஸ்டரில் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் ஹான்ஸ் கைகர் என்ற ஜெர்மானியரும் எர்னஸ்ட் மார்ஸ்டன் என்ற இளம் மாணவரும் ஆல்ஃபா துகள்களை மெல்லிய உலோகத் தகடுகள் மீது பாய்ச்சிப் பார்த்தார்கள். ஆல்ஃபா துகள் என்பது ஹீலியத்தின் அணுக்கரு. ரேடியம் போன்ற பொருள்களிலிருந்து தானாகவே, ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு வேகத்தில் அது பறந்து வரும். தங்கத்தை அடித்து அடித்து, ஆயிரத்துச் சொச்சம் அணுக்கள் மட்டுமே அடுக்கிய தடிமனுக்குக் கொண்டுவர முடியும் என்பதால் இந்த வேலைக்கு அது தோதான உலோகம். துகள் எங்கே போய் விழுகிறது என்பதை அறிய ஜிங்க் சல்பைடு பூசிய திரை. அதில் ஒரு துகள் பட்டால் சின்னதாக ஒரு மினுக்கு. இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, நுண்ணோக்கி வழியே அந்த மினுக்குகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். மணிக்கணக்காக.

தர்பூசணி மாதிரி சரியென்றால் எல்லாத் துகள்களும் லேசாகத் திரும்பியோ நேராகவோ போய்விட வேண்டும். பெரும்பாலானவை அப்படித்தான் போயின. ஆனால் மிகச் சில, வந்த வழியே திரும்பி வந்தன: ஏறத்தாழ 8000-த்தில் ஒன்று. (இந்த எண் பிளாட்டினத் தகட்டுக்குக் கிடைத்தது. தங்கத்துக்கு என்று பல புத்தகங்கள் எழுதிவிடுகின்றன. பக்கத்து வீட்டுத் தனிமம்தானே என்று விட்டுவிட வேண்டியதுதான்.) மெல்லிய காகிதத்தின் மேல் பீரங்கிக் குண்டைச் சுட்டு, அது திரும்பி நம்மையே தாக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது என்று ரூதர்ஃபோர்டு பின்னாளில் வியந்து சொன்னார்.

அந்த வியப்பைக் கணக்காக மாற்ற அவருக்கு ஏறத்தாழ இரண்டு வருடம் பிடித்தது. அணுவின் மின்சுமையும் நிறையும் நடுவில் ஒரு மிகச் சிறிய இடத்தில் குவிந்திருந்தால் மட்டுமே அவ்வளவு வேகமான துகளைத் திருப்பி அனுப்ப முடியும் என்று 1911-இல் எழுதினார். அந்த மையத்தின் மின்சுமை நேரா எதிரா என்பதை அந்தக் கட்டுரையின் கணக்கு தீர்மானிக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் சிதறல் கணக்கு ஒன்றேதான்.

அணுவோடு ஒப்பிட்டால் கரு எவ்வளவு சிறியது?

தங்க அணுவின் குறுக்களவு சுமார் 0.29 நானோமீட்டர். அதன் கருவின் குறுக்களவு சுமார் 14 ஃபெம்டோமீட்டர். ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. வகுத்துப் பார்த்தால் அணு கருவைவிட 20 ஆயிரம் மடங்கு அகலம். கருவை 4 மில்லிமீட்டர் மிளகாக வைத்துக்கொண்டால் அணு 80 மீட்டர் உருண்டை. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைவிட உயரம். அந்த மிளகில்தான் கிட்டத்தட்ட முழு எடையும் இருக்கிறது. ஒரு சவரனில் உள்ள எலக்ட்ரான்களை எல்லாம் சேர்த்து நிறுத்தாலும் 2 மில்லிகிராம் தேறாது, ஏனென்றால் ஒரு புரோட்டானின் நிறைக்கு 1836 எலக்ட்ரான்கள் வேண்டும்.

இன்னொரு விதமாகப் பார்க்கலாம். ஒரு சவரனின் கருக்களை மட்டும் பொறுக்கி இடைவெளி இல்லாமல் அடுக்கினால், ஒரு பாக்டீரியாவைவிடச் சின்னப் பெட்டியில் அடங்கிவிடும். எடை மட்டும் அதே 8 கிராம். சர்க்கரைக் கட்டி அளவுக்கு, அதாவது ஒரு கன சென்டிமீட்டருக்கு, அணுக்கருப் பொருள் கிடைத்தால் அது 23 கோடி டன் எடை இருக்கும்.

அப்படியானால் நாமெல்லாம் 99 சதவீதம் வெற்றிடம்தானா? கை ஏன் மேசைக்குள் புகுந்து போவதில்லை?

வாட்சப்பில் சுற்றும் பாதி உண்மை இது. கருவுக்கு வெளியே உள்ள இடம் காலி மனை இல்லை. எலக்ட்ரான்கள் முழுவதும் பரவியிருக்கும் இடம். உங்கள் கையின் எலக்ட்ரான்களும் மேசையின் எலக்ட்ரான்களும் ஒரே நிலையில் ஒன்றாக இருக்க பௌலியின் தவிர்க்கைத் தத்துவம் இடம் கொடுக்காது; மின் விலக்கமும் சேர்ந்துகொள்கிறது. 'தொடுகிறேன்' என்று நாம் சொல்வதே அந்த எதிர்ப்பைத்தான்.

எலக்ட்ரான்கள் சூரியனைச் சுற்றும் கோள்களைப் போலக் கருவைச் சுற்றுகின்றன என்பது சரியா?

சரியில்லை. எங்கே பார்த்தாலும் அந்தப் படத்தையே போட்டுவைத்திருக்கிறார்கள், எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. மின்சுமை உள்ள துகள் வட்டமாகச் சுற்றினால் ஆற்றலைக் கதிர்வீச்சாக இழக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி எலக்ட்ரான் ஒரு நொடியின் மிக மிகச் சிறு பகுதிக்குள் சுருண்டு கருவில் விழுந்துவிடும். உலகில் ஓர் அணுகூட மிஞ்சாது. 1913-இல் நீல்ஸ் போர், குறிப்பிட்ட ஆற்றல் கொண்ட பாதைகளில் மட்டும் எலக்ட்ரான் இருக்கலாம், அங்கே கதிர்வீச்சு கிடையாது என்று ஒரு விதியைப் போட்டார். ஹைட்ரஜனுக்கு அது அழகாகப் பொருந்தியது, மற்றவற்றுக்குத் தடுமாறியது. 1926-இல் ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்த பிறகு 'பாதை' என்ற பேச்சே போய்விட்டது. எலக்ட்ரான் எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் மேகம்தான் மிச்சம். அதற்குத்தான் ஆர்பிட்டால் என்று பெயர்.

தங்கத்தின் எலக்ட்ரான்களைக் கூடுவாரியாக, அதாவது ஆற்றல் அடுக்குகளாகப் பார்த்தால் உள்ளிருந்து வெளியே 2, 8, 18, 32, 18, 1. உள்கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்களை 79 புரோட்டான்கள் இழுக்கின்றன. அந்த இழுப்பில் அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல், சுமார் 58 சதவீதம். அவ்வளவு வேகம் என்றால் ஐன்ஸ்டைனின் சார்பியல் குறுக்கே வந்துவிடும். வெளிக்கூடுகளின் ஆற்றல் இடைவெளி மாறி, தங்கம் நீல ஒளியை விழுங்கிவிட்டு மஞ்சளைத் திருப்பி அனுப்புகிறது. சார்பியல் இல்லாவிட்டால் தங்கம் வெள்ளியைப் போலத்தான் இருந்திருக்கும். அட்சய திருதியைக் கூட்டத்துக்கு ஐன்ஸ்டைனும் ஒரு காரணம்.

79 என்ற எண்ணுக்கு என்ன அவ்வளவு முக்கியம்?

புரோட்டான் எண்ணிக்கைதான் தனிமத்தின் பெயர். 78 என்றால் பிளாட்டினம், 79 தங்கம், 80 பாதரசம். எலக்ட்ரானைக் கூட்டிக் குறைத்தால் அயனி ஆகும். நியூட்ரானை மாற்றினால் ஐசோடோப் ஆகும். புரோட்டானில் கை வைத்தால் தனிமமே வேறு.

இதை நிலைநாட்டியவர் ஹென்றி மோஸ்லி. ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ் கதிர்களை 1913, 1914-இல் அளந்து, அலுமினியம் முதல் தங்கம் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு எண் உண்டு, அது கருவின் மின்சுமை என்று காட்டினார். அதுவரை அணு எண் என்பது தனிம அட்டவணையில் வரிசை எண் மட்டுமே. மோஸ்லி முதல் உலகப் போரில் சேர்ந்து 1915 ஆகஸ்டில் கலிப்போலியில் இறந்தார். வயது 27.

நியூட்ரான் எதற்கு? அது ஏன் அவ்வளவு தாமதமாகக் கிடைத்தது?

ஆல்ஃபா துகளால் நைட்ரஜனைத் தாக்கியபோது ஹைட்ரஜன் கரு வெளியே வருவதை ரூதர்ஃபோர்டு 1919-இல் வெளியிட்டார். 1920-இல் அதற்குப் புரோட்டான் என்று பெயர் வந்தது. நியூட்ரானுக்கு மின்சுமை இல்லை. மின்புலத்தில் வளையாது, திரையில் எளிதில் தடம் விடாது. பெரிலியத்தை ஆல்ஃபா துகளால் தாக்கினால் ஊடுருவும் தன்மை மிகுந்த ஏதோ ஒன்று வெளிவருவது தெரிந்திருந்தது. பாரிஸில் ஐரீன் கியூரியும் ஃபிரெடெரிக் ஜோலியோவும் அதைப் பாரஃபின் மெழுகின் மேல் விழச்செய்து, புரோட்டான்கள் தெறிப்பதைப் பார்த்தார்கள். வெளிவருவது காமாக் கதிர், அதாவது ஆற்றல் மிகுந்த ஒளி, என்று எண்ணிவிட்டார்கள். எடை இல்லாத ஒளி புரோட்டானை அவ்வளவு வேகமாகத் தள்ளாது. தள்ளியது புரோட்டானுக்கு நிகரான எடையுள்ள ஒன்றுதான் என்று 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் காட்டினார். 1935-இல் அவருக்கு நோபல் பரிசு.

தனியாக விட்டால் நியூட்ரான் நிலைக்காது: சுமார் 10 நிமிடத்தில் பாதி புரோட்டானாக மாறிவிடும். தங்கத்தின் கருவுக்குள்ளோ அது என்றென்றைக்கும் உட்கார்ந்திருக்கிறது.

79 புரோட்டான்களும் ஒன்றையொன்று விலக்குமே, கரு ஏன் வெடித்துச் சிதறவில்லை?

நல்ல கேள்வி. 2 ஃபெம்டோமீட்டர் இடைவெளியில் இரண்டு புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் விசை கிட்டத்தட்ட 6 கிலோ எடைக்குச் சமம். கண்ணுக்கே தெரியாத இரண்டு துகளுக்கு நடுவில் 6 கிலோ!

அதை அடக்கி வைப்பது வலிமையான அணுக்கரு விசை. அதன் பலம் மிக அதிகம், எட்டும் தூரம் மிகக் குறைவு. சில ஃபெம்டோமீட்டர் தாண்டினால் செத்துவிடும். பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பாகு பக்கத்தில் ஒட்டிய பொரியை மட்டும்தான் பிடிக்கிறது. விலக்கு விசை அப்படி இல்லை. ஒவ்வொரு புரோட்டானும் மற்ற 78-ஐயும் தள்ளுகிறது, தூரத்தில் உள்ளதையும் சேர்த்து. ஆகவே கரு பெரிதாகப் பெரிதாகத் தள்ளுமுள்ளு ஏறுகிறது. நியூட்ரானிடம் ஒட்டும் குணம் உண்டு, சண்டைக் குணம் இல்லை. அதனால்தான் ஹீலியத்துக்கு 2-க்கு 2 போதும், தங்கத்துக்கு 79-க்கு 118 வேண்டியிருக்கிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. நிலையான தனிமங்களில் கடைசி ஈயம், 82. அடுத்து வரும் பிஸ்மத்தை ரொம்ப காலம் நிலையானது என்றே நம்பியிருந்தோம். அதுவும் சிதைகிறது என்று 2003-இல் அளந்துவிட்டார்கள். அரை ஆயுட்காலம், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 2 லட்சம் கோடி கோடி ஆண்டு. தங்கம் 79, எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது; அடகு வைத்தவர்கள் கவலைப்பட வேண்டாம்.

கருவின் எடை அதன் துகள்களின் எடைக் கூட்டலைவிடக் குறைவாமே?

ஆமாம், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. 8 கிராம் தூய தங்கத்தை எடுத்துப் புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் என்று தனித்தனியாகப் பிரித்து நிறுத்தால் சுமார் 8.07 கிராம் வரும். சேர்ந்திருக்கும்போது 8. அந்த 0.07 கிராம் எங்கே போனது? நகைக்கடையில் சேதாரம் போடுவது போல இயற்கையும் இங்கே ஏறத்தாழ 0.84 சதவீதம் சேதாரம் போட்டிருக்கிறது. துகள்கள் ஒட்டிக்கொண்டபோது அந்த நிறை ஆற்றலாக வெளியேறிவிட்டது. 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்ன நிறை-ஆற்றல் சமன்பாடுதான் இதற்கு ரசீது. பாடத்தில் இதற்கு நிறை குறைபாடு என்று பெயர். மறுபடி பிரிக்க அதே அளவு கொடுக்க வேண்டும் என்பதால் அந்த ஆற்றலுக்குப் பிணைப்பாற்றல் என்று பெயர்.

இந்தச் சேதாரம் ஒரு துகளுக்கு எவ்வளவு என்று பார்த்தால் இரும்பு, நிக்கல் பக்கம் உச்சம். அதாவது அங்கேதான் பிடிப்பு மிக இறுக்கம். அதற்குக் கீழே உள்ள லேசான கருக்கள் சேர்ந்தால் ஆற்றல் வரும், சூரியனில் நடப்பது அது. மேலே உள்ள கனமான கருக்கள் பிளந்தால் ஆற்றல் வரும். கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் நடப்பது இது.

புரோட்டானுக்கு உள்ளே என்ன?

குவார்க்குகள். புரோட்டானில் இரண்டு 'அப்', ஒரு 'டவுன்'. நியூட்ரானில் ஒரு 'அப்', இரண்டு 'டவுன்'. 1964-இல் கெல்-மானும் ஸ்வைக்கும் தனித்தனியாக முன்மொழிந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த மூன்று குவார்க்குகளின் சொந்த நிறை புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். மீதி, அவை ஓடும் ஓட்டத்தின், அவற்றைக் கட்டியிருக்கும் புலத்தின் ஆற்றல். உங்கள் சங்கிலியின் எடை பெரும்பாலும் அந்த ஆற்றலின் எடை.

ஐசோடோப் என்றால்?

ஒரே அணு எண், வேறு நியூட்ரான் எண்ணிக்கை. இயற்கையில் கிடைக்கும் தங்கம் இதில் கறார்: 118 நியூட்ரான் உள்ள ஒரே வகைதான். ஒரு நியூட்ரானை வலிந்து திணித்தால் தங்கம்-198 ஆகும், 2.7 நாளில் அதில் பாதி பாதரசமாக மாறிவிடும். சித்தர்கள் தேடியதற்கு நேர் எதிர்த்திசை.

கார்பன்-14 இன்னொன்று. அரை ஆயுட்காலம் 5730 ஆண்டு. செடியோ விலங்கோ இறந்த நாளிலிருந்து அது குறைந்துகொண்டே வருவதால், மிச்சத்தை எண்ணிக் காலத்தைச் சொல்லலாம். கீழடியின் வயதைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனது இந்த முறைதான்.

ரசவாதம் சாத்தியமா? பாதரசத்தைத் தங்கமாக்க முடியாதா?

காகிதத்தில் பார்த்தால் ஒரே ஒரு புரோட்டான் வித்தியாசம். ஆசை வருவது இயல்பு. ஆனால் உலையில் எவ்வளவு ஊதினாலும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைத்தான் அசைக்க முடியும். வேதிவினைகளில் ஓர் அணுவுக்குப் புழங்குவது சில எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). கருவைத் தொட மில்லியன் கணக்கில் வேண்டும். புடம் போட்டவர்களின் திறமையில் குறையில்லை, கதவுதான் வேறு.

துகள் முடுக்கியில் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் ஈயக் கருக்கள் ஒன்றையொன்று மயிரிழையில் உரசாமல் கடக்கும்போது சில சமயம் மூன்று புரோட்டான்களை இழந்து, 82-இலிருந்து 79 ஆகின்றன. 2015 முதல் 2018 வரை இப்படி 8600 கோடித் தங்கக் கருக்கள் உண்டானதாக 2025-இல் அறிவித்தார்கள். மொத்த எடை 29 பிக்கோகிராம்: ஒரு சவரனில் ஏறத்தாழ 28 ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அதுவும் உண்டான மறுகணமே சுவரில் மோதிச் சிதறிவிட்டது. செலவைக் கேட்காதீர்கள்.

அப்படியானால் நம் தங்கம் எங்கிருந்து வந்தது?

பூமியில் உண்டானதில்லை. நியூட்ரான்கள் வெள்ளமாகப் பாயும் இடத்தில், சிதைய நேரம் கொடுக்காமல் கருவுக்குள் அவை அடுக்கடுக்காகப் புகுந்தால்தான் இவ்வளவு கனமான கரு உருவாகும். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (பெரும்பாலும் நியூட்ரான்களாலேயே ஆன, மிக அடர்ந்த விண்மீன் எச்சங்கள்) மோதியதில் எழுந்த ஈர்ப்பலை, அதாவது விண்வெளியையே அசைத்தபடி பரவும் அதிர்வு, பதிவானது. அதைத் தொடர்ந்த ஒளியில் கனமான தனிமங்கள் உருவானதற்கான தடயம் தெரிந்தது. உங்கள் பாட்டியின் கம்மலில் உள்ள ஒவ்வொரு கருவும் பூமியைவிட வயதானது. எத்தனை முறை உருக்கி எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் கரு அப்படியே இருக்கும்.

'அணு' என்ற சொல் நம் பழைய பாட்டுகளிலேயே வருகிறதே, அப்போதே எல்லாம் தெரியுமா?

மிக நுண்ணிய பொருள் என்ற எண்ணம் இருந்தது. அது பெரிய விஷயம். கிரேக்கரிடமும் இருந்தது. ஆனால் 79, 118, 14 ஃபெம்டோமீட்டர் எல்லாம் இருட்டறையில் மினுக்கு எண்ணியவர்களிடமிருந்து வந்தவை. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

தேர்வில் எங்கே தவறு செய்கிறார்கள்?

நியூட்ரான் எண்ணிக்கை = நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் மொத்தம்) - அணு எண் (புரோட்டான் எண்ணிக்கை). நிறை எண் எப்போதும் முழு எண். அட்டவணையில் குளோரினுக்கு 35.5 என்று போட்டிருப்பது சராசரி அணு நிறை. முக்கால்வாசி குளோரின்-35, கால்வாசி குளோரின்-37 கலந்திருப்பதால் வருவது. அதிலிருந்து குளோரினின் அணு எண்ணான 17-ஐக் கழித்து '18.5 நியூட்ரான்' என்று எழுதிய தாள் வருடத்துக்கு ஒன்றாவது என் கையில் வந்துவிடுகிறது.